ஒலியால் கண்ட பார்

முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு

கடலைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்பவர் பலர். அவர்கள் பார்த்திருப்பது கடலின் மேற்பரப்பை மட்டுமே. தூத்துக்குடிக் கரையில் மீனவர் குடும்பத்தில் பிறந்து, அலையோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த நானும் இருபது வயது வரை அந்த மேற்பரப்பைத்தான் கண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது கடலின் அடித்தளம் என்பது தெரியும். அந்த அடித்தளம் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது. அதைக் காணும் வாய்ப்பை எனக்கு அளித்தது, ஒரு பாடப்புத்தகத்தின் அகலமே உள்ள திரையுடன் கூடிய மீன்காட்டும் கருவி. 'சைடு ஸ்கேன் சோனார்' என்பது அதன் பெயர். அக்கருவியின் இயல்பையும், அது எங்கள் வீட்டில் எழுப்பிய ஒரு கேள்வியையும் நம் ஆண்டு மலர் வாயிலாக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

தாத்தாவின் சொத்து

மன்னார் வளைகுடாவின் அடித்தளம் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. பெரும்பகுதி மணலும் சேறும். இடையிடையே கல்லும் பவளமும் திட்டுத்திட்டாய் அமைந்திருக்கும். அத்திட்டுகளைப் 'பார்' என்று அழைக்கிறோம். புகழ்பெற்ற தூத்துக்குடி முத்து விளைந்தது இப்பார்களில்தான். இங்கே கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். முத்து போனாலும் மீன் போகவில்லை. விளமீனும் களவாயும் பாறையும் இரைக்காகவும் ஒதுங்குவதற்காகவும் பாரைத்தான் நாடி வரும். எனவே பார் இருக்கும் இடம் தெரிந்தவனே நல்ல மீனவன் என்பது எங்கள் ஊர் வழக்கு.

என் தாத்தாவுக்கு நான்கு பார்கள் தெரியும். அவற்றை அவர் அறிந்திருந்த முறை வியப்பிற்குரியது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள இரண்டு பொருள்கள், சான்றாக மாதா கோயில் கோபுரமும் உப்பளத்துக்கு அப்பாலுள்ள பனைக்கூட்டமும், ஒரே நேரில் வரும்வரை வள்ளத்தைச் செலுத்த வேண்டும். பிறகு வேறொரு திசையில் வேறு இரண்டு பொருள்கள் ஒரே நேரில் வரவேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியில்தான் வெட்டும் என்று நாம் வகுப்பில் படித்ததைப் பள்ளிக்கூட வாசலை மிதியாத என் முன்னோர் கடலில் பயன்படுத்தினர். அங்கு சேர்ந்ததும் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பார்கள். குண்டு 'டக்' என்று நின்றால் கல், மெத்தென்று நின்றால் சேறு. இந்த அடையாளங்கள் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டவையல்ல. தாத்தாவுக்கு அவருடைய அப்பா சொன்னார். தாத்தா என் அப்பாவுக்குச் சொன்னார். நிலமில்லாத எங்களுக்கு அதுவே பரம்பரைச் சொத்து.

அந்தச் சொத்தின் வருமானம் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. காலையில் நான்கு பேர் கடலுக்குப் போய்ப் பெட்ரோல் செலவுக்குக்கூட மீன் இல்லாமல் திரும்பிய நாள்கள் உண்டு. போதாக்குறைக்கு ஒரு பாரின் அருகே விரித்த வலையெல்லாம் எதிலோ சிக்கிக் கிழிந்துகொண்டிருந்தது. வள்ளத்தை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போகலாமா என்று அப்பா அம்மாவிடம் பேசியது ஓர் இரவு என் காதில் விழுந்தது. அப்போது நான் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

கருவி வந்தது

அந்த வேளையில்தான் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய என் மாமா இந்தக் கருவியைக் கொண்டுவந்தார். அப்பாவின் வள்ளத்தில் ஏற்கெனவே சாதாரண மீன்காட்டி ஒன்று இருந்தது. அது வள்ளத்துக்கு நேர் கீழே மட்டும் ஒலியை அனுப்பும். புதிய கருவியோ இடமும் வலமும் பார்க்கும்.

இவற்றின் அடிப்படை எதிரொலியே. 1826இல் கொலடான், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் நீருக்கடியில் மணியடித்து, நீரில் ஒலி நொடிக்கு 1435 மீட்டர் விரைவதைக் கண்டறிந்தனர். கடல்நீரில் அது ஏறத்தாழ 1500 மீட்டர். வெதுவெதுப்பான நம் கடலில் இன்னும் சற்றுக் கூடுதல். காற்றில் அதன் வேகம் ஏறத்தாழ 340 மீட்டரே என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒலி அடித்தளத்தைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவின் குவார்ட்சுப் படிகத்தை மின்சாரத்தால் அதிரச் செய்து மீயொலியை எழுப்பினார். போருக்காகப் பிறந்த அந்த வித்தை 1948இல் மீனவர் கைக்கு வந்தது. ஜப்பானில் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் அவ்வாண்டில் மீன்காட்டும் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டில் பார்க்கும் சோனாரும் கடற்படைக்காகவே தோன்றியது. 1960களில் ஹரால்டு எட்ஜர்ட்டன், மார்ட்டின் க்ளைன் போன்றோர் அதை ஆய்வாளர்களுக்கும் பயன்படும்படி வளர்த்தனர். சிறு படகில் பொருத்தத்தக்க கருவிகள் விற்பனைக்கு வந்தது 2005ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

சாதாரண மீன்காட்டியின் ஒலி கூம்பு வடிவில் கீழிறங்குகிறது. கூம்பின் கோணம் 20 பாகை என்றால், 15 மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது ஏறத்தாழ 5 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தையே. இருட்டறையில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது போன்றது அது. பக்கவாட்டுக் கருவியின் ஒலிக்கற்றை விசிறி போன்றது. முன்பின்னாக மிக மெல்லியது. பக்கவாட்டில் மிக அகன்றது. வள்ளம் நகர நகர, மெல்லிய கீற்றுகளாக அடித்தளத்தை அளந்து, அக்கீற்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் படமாக்குகிறது. பக்கத்துக்கு 40 மீட்டர் என்று வைத்தால் ஒரே ஓட்டத்தில் 80 மீட்டர் அகலம் கிடைத்துவிடும்.

நிழலின் கணக்கு

முதன்முதலாகக் கருவியுடன் நாங்கள் கடலுக்குச் சென்றது ஓர் ஏப்ரல் மாத இறுதியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்களைப் போன்ற வள்ளக்காரருக்கு அத்தடை இல்லை. கச்சான் காற்று வலுக்குமுன் கடல் அமைதியாக இருக்கும் நாள்கள் அவை. அமைதி இக்கருவிக்கு இன்றியமையாதது. வள்ளம் ஆடினால் படம் கலங்கும். திரும்பினால் படம் வளைந்து நெளியும். எஞ்சின் விசிறி கிளப்பும் குமிழிகள் ஒலியை மறித்துவிடும் என்பதால், ஒலி அனுப்பும் உறுப்பை விசிறிக்கு எட்ட, வள்ளத்தின் பின்பக்கத்தில் ஒரு பலகையில் பொருத்தினோம். மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தில், மணிக்கு 6 கிலோமீட்டர் அளவில், கோடு போட்டது போல் நேராகச் செல்ல வேண்டும். அப்பா எஞ்சினைப் பிடித்தார். நான் திரையின் முன் அமர்ந்தேன். எழுபத்தெட்டு வயதுத் தாத்தா, வரவேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் வந்து அணியத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏலே, இது சத்தம் போட்டா மீன் ஓடிராதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். எங்கள் கருவியின் அதிர்வெண் 455 கிலோ ஹெர்ட்ஸ். மனிதச் செவி 20 கிலோ ஹெர்ட்சுக்கு மேல் கேளாது. பெரும்பாலான மீன்களின் செவி அந்த அளவைக்கூட எட்டாது. ஆகவே நமக்கும் மீனுக்கும் அது ஊமைச் சத்தமே. அவ்வொலியின் அலைநீளம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதனால்தான் நுணுக்கமான படம் கிடைக்கிறது. அதே காரணத்தால் கடல்நீர் அதை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. ஆழ்கடலுக்கு அது உதவாது. எங்கள் பார்களோ 8 பாகம், 10 பாகம் ஆழத்தில் இருப்பவை. கருவிக்கு ஏற்ற கடல் எங்களுடையது.

தாத்தா கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இப்ப கல்லு வரும்" என்றார். சற்று நேரத்தில் திரையின் வலப்பக்கத்தில், செம்பு நிறத்தில், கரடுமுரடான ஒரு மேடு மெல்ல இறங்கி வந்தது. "வடக்க பாத்து சரிஞ்சிருக்கும், நடுவுல ஒரு பள்ளம்" என்று திரையைப் பாராமலே சொன்னார். மேடு வடக்கே சரிந்திருந்தது. நடுவில் பள்ளமும் இருந்தது. ஈயக்குண்டும் தூண்டிற்கயிறும் கொண்டு இருளில் தடவித் தடவி அறுபது ஆண்டுகளில் அவர் மனத்தில் வரைந்த படமும், கருவி ஐந்து நிமிடத்தில் வரைந்த படமும் ஒன்றாயிருந்தன. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுத் தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையைப் படிப்பதற்குச் சற்றுப் பயிற்சி வேண்டும். நடுவில் ஓடும் கரிய பட்டை வள்ளத்துக்குக் கீழுள்ள வெறும் நீர். அதன் இருபுறமும் விரிவது தரை. கெட்டியான கல் பளிச்சென்று தெரியும். சேறு மங்கித் தெரியும். மேடான பொருள் ஒவ்வொன்றின் பின்னும் ஒலி எட்டாத பகுதி கருநிழலாக விழும். மீன்கள் வெண்புள்ளிகளாகத் தெரியும். மீனின் தசை ஏறத்தாழ நீரின் அடர்த்தியே உடையதாகையால் பெரிதாக எதிரொலிக்காது. எதிரொலியில் பெரும்பங்கு அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையிலிருந்து வருகிறது. வியாபாரிகள் நல்ல விலைகொடுத்து வாங்கும் 'நெட்டி' என்பது இதுவே. நெட்டி இல்லாத சுறாவும் திருக்கையும் கருவிக்கு மங்கலாகவே புலப்படும். புள்ளிக்கும் அதன் நிழலுக்கும் இடைவெளி இருந்தால் மீன் தரைக்கு மேலே மிதக்கிறது என்று பொருள்.

நிழலைக் கொண்டு உயரத்தையும் கணக்கிடலாம். பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களே போதும். கருவி தரைக்கு மேல் 15 மீட்டரில் இருக்கிறது. கருவியிலிருந்து நிழலின் நுனிக்குத் தூரம் 30 மீட்டர். நிழலின் நீளம் 4 மீட்டர் என்றால், பொருளின் உயரம் 15ஐ 4ஆல் பெருக்கி 30ஆல் வகுக்க 2 மீட்டர்.

அந்தக் கணக்கை நான் போட்டது ஒரு கல்லுக்காக அன்று. எங்கள் வலைகள் கிழிந்துகொண்டிருந்த இரண்டாவது பாரின் ஓரத்தில், கல் போலவும் இல்லாமல் மீன்கூட்டம் போலவும் இல்லாமல், கலைந்த நூற்கண்டு போன்ற ஓர் உருவம் 2 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றது. அதற்கு அப்பால் மணல்தரையில் உழுசால் போல இணையான கோடுகள் பாரை நோக்கி நீண்டு கிடந்தன. அப்பாவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இழுவை மடியை விரித்துப் பிடிக்கும் இரண்டு பலகைகளும் தரையைக் கீறிய தடம் அது. பாரில் மாட்டிக்கொண்ட மடியை அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சங்கு குளிக்கும் அண்ணன்மார் இருவரை அழைத்துப் போனோம். அவர்கள் மூழ்கி, மூன்று நாள்கள் உழைத்து, அந்த மடியைத் துண்டு துண்டாக அறுத்து மேலே அனுப்பினார்கள். நைலான் மக்காது. யாருமற்ற அந்த வலை தன்பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கண்ணிகளில் மீன் முட்களும் நண்டின் ஓடுகளும் ஓர் ஆமையோடும் இருந்தன. எங்களுக்கு மீன் குறைந்ததற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடலுக்கடியில் எங்களுக்குப் போட்டியாக ஒருவன் இரவும் பகலும் தொழில் செய்ததையும், அவன் பிடித்தது யாருக்கும் பயன்படாமல் அழுகியதையும் கண்ணால் கண்டோம்.

விலை பேசப்பட்டது

செய்தி ஊரில் பரவியது. ஒருநாள் விசைப்படகுச் சம்மாட்டி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குப் பழக்கமானவர்; மரியாதையாகவே பேசினார். கருவியில் பதிவான பார்களின் இடக்குறிகளைக் கொடுத்தால் ஒரு தொகை தருவதாகச் சொன்னார். எங்கள் கடனில் பாதியை அடைக்கக்கூடிய தொகை அது. அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கல்லு எங்க இருக்குன்னு தெரிஞ்சா நான் மடியை விலக்கிப் போவேன்லா? எனக்கும் மடி மிச்சம், உங்க பாருக்கும் சேதமில்ல" என்றார் அவர்.

அதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஒரு மடி போனால் அவருக்கும் பெருநட்டம். அப்பா பதில் சொல்லாமல் இருந்தார். கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார்.

"கல்லு எங்கன்னு தெரியாததுனாலதான் தம்பி, இம்புட்டு நாளும் பயந்து தள்ளிப் போனீங்க. தெரிஞ்சா கல்லு ஓரம் வரைக்கும் வரலாம்லா" என்றார்.

சம்மாட்டி சிரித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. பணம் தேவை, அதில் ஐயமில்லை. நான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த நேரமும் அதுவே. நாங்கள் கொடுக்காவிட்டாலும் நாளை அவரே இதுபோல் ஒரு கருவி வாங்கலாமே என்று நான் கேட்டேன். "வாங்கட்டும். அவரு பாக்குறது வேற, நாம விக்கிறது வேற" என்றார் அப்பா.

மறுநாள் அப்பா ஒரு முடிவு சொன்னார். வலையைக் கிழிக்கும் பொருள்கள், அதாவது அறுந்து கிடக்கும் மடிகள், மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய படகு ஆகியவற்றின் இடக்குறிகளை ஊரில் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது. விசைப்படகாயினும் வள்ளமாயினும் காசு வாங்குவதில்லை. பார்களின் இடக்குறிகளை மட்டும் யாருக்கும் விற்பதில்லை. நாங்களும் அங்கே தூண்டில் மட்டுமே போடுவது. அந்தச் சம்மாட்டிக்கே அப்பா முதல் தாளை எழுதிக் கொடுத்து அனுப்பினார். பார்கள் பதிவான சிறு அட்டை, இன்று எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அடகுச் சீட்டுகளோடு இருக்கிறது. கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. வள்ளத்தை விற்கும் பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

காண்பதும் கொள்வதும்

நண்பர்களே, இக்கருவியைப் பழித்துப் பேசுவது என் நோக்கமன்று. இயற்பியல் பயிலும் எனக்கு, வகுப்பறைச் சூத்திரம் ஒன்று என் அப்பாவின் வள்ளத்தில் உயிர்பெற்று நின்றதைப் போன்ற மகிழ்ச்சி வேறில்லை. அக்கருவி இல்லாதிருந்தால் அந்த மடி இன்றும் பாரின் மேல் கிடந்து கொன்றுகொண்டிருக்கும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதுநாள்வரை கடலை ஓரளவு காத்து வந்தவை நம் நல்லெண்ணம் அல்ல. இருளும் ஆழமும் நம் அறியாமையுமே. பார் எங்கே என்று தெரியாத காரணத்தாலேயே பல பார்கள் பிழைத்திருந்தன. ஒலி அந்த இருளை நீக்கிவிட்டது. இனி இருள் செய்துவந்த காவலை நாம்தான் செய்தாக வேண்டும்.

அரசு தன் பங்குக்குச் சில எல்லைகளை வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் தீவுப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடுகளுக்கு வெளியே கிடக்கும் சின்னஞ்சிறு பார்களுக்கு, அவற்றை அறிந்தவரின் மனச்சான்றே வேலி.

சென்ற விடுமுறையில் நான் தாத்தாவிடம் கரையடையாளங்களைக் கற்கத் தொடங்கினேன். "அதான் மெஷின்ல இருக்கே, உனக்கெதுக்குலே?" என்று கேலி செய்தபடியே, ஒவ்வொரு பாராகச் சொல்லிக் கொடுக்கிறார். எந்தப் பாரில் எந்த மாதம் மீன் முட்டையிட ஒதுங்கும், அப்போது அங்கே ஏன் போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கருவியின் அட்டையில் முதற்பகுதி மட்டுமே இருக்கிறது. இரண்டாம் பகுதி அதில் பதிவாவதில்லை. இரண்டையும் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். இதுவரை இரண்டு பார்கள் முடிந்திருக்கின்றன.